கோடு மட்டும் போகணும், பெயின்ட் போகக் கூடாது: வண்டி கேள்வி-பதில்

பழைய கார் வாங்கியவர்களிடமிருந்து இந்த முறை ஒரே மாதிரியான கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன. முன்னால் வைத்திருந்தவர் ஆசைப்பட்டு வண்டியின் மேல் அடித்த அலங்கார லைனை எப்படி எடுப்பது என்பதுதான் பெரும்பாலானவர்களின் கவலை. அதனால் இன்ஜின், டயர் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். இந்த இதழ் முழுக்க லைன் சமாச்சாரம்தான்.

கேள்வி: வணக்கம் சார். தஞ்சாவூரில் ஒருவரிடம் 2009 மாடல் ஸ்விஃப்ட் வாங்கினேன், நீல நிறம். இன்ஜின், ஏசி எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் ஹெட்லைட்டிலிருந்து பின் லைட் வரை சிவப்பில் ஒரு லைன், அதற்குக் கீழே தங்க நிறத்தில் மெல்லிசாக இன்னொன்று, போனட்டில் கொடி போல வளைத்து வேறு வரைந்திருக்கிறார்கள். ஸ்டிக்கர் இல்லை, பிரஷ் ஓடிய தடம் கிட்டப் போனால் தெரிகிறது. வீட்டில் ‘மினி பஸ் வாங்கிட்டு வந்துட்டீங்களா’ என்று கேட்கிறார்கள். ஒரு பட்டறையில் நான்கு கதவையும் தேய்த்துப் புதிதாக பெயின்ட் அடித்தால்தான் போகும் என்கிறார். இன்னொருவர், தின்னர் போட்டுத் துடைத்தால் ஐந்து நிமிட வேலை என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகர், திருவாரூர்)

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள். லைனுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சொன்ன பதில்கள் அவை. லைனை எடுப்பது பெரிய வித்தை இல்லை, அதன் அடியில் இருக்கிற பெயின்ட் கம்பெனியில் அடித்ததா, பட்டறையில் அடித்ததா என்பதைப் பொறுத்துத்தான் என்ன போடலாம், என்ன போடக் கூடாது என்பதே முடிவாகும்.

முதலில் லைனின் ஓரத்தில் விரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழாக இழுத்துப் பாருங்கள். நகம் ஒரு படி ஏறி இறங்கினால் லைன் மேலே இருக்கிறது, எடுத்துவிடலாம். நகம் தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் லைனை அடித்து அதன் மேல் லேக்கர் (பளபளப்புக்காக மேலே அடிக்கிற நிறமில்லாத பூச்சு) அடித்திருக்கிறார்கள், அது வேறு கதை, கீழே நாகப்பட்டினம் வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு பிரஷ் தடம் தெரிகிறது என்கிறீர்கள், அதனால் அநேகமாக மேலேதான் இருக்கும்.

அடுத்து, கதவுகளில் இருப்பது கம்பெனி பெயின்ட்தானா? டெல்டாவில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் அக்கறையாகவே பார்க்க வேண்டும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி, முத்துப்பேட்டை வட்டாரத்தில் தென்னையும் மரக்கிளையும் விழுந்து எத்தனையோ வண்டிகள் நசுங்கின. அப்போது டிங்கரிங் பார்த்து, பள்ளத்தை நிரப்பப் பட்டி வைத்து, பெயின்ட் அடித்த வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. கதவைத் திறந்து ரப்பர் பீடிங்கின் மடிப்பைப் பிரித்துப் பாருங்கள், அங்கே நீலப் புள்ளி தெறித்திருந்தால் வெளியில் அடித்த பெயின்ட். கதவுக் கீல் போல்ட்டின் மேல் பெயின்ட் வெடித்திருந்தால் கதவைக் கழற்றியிருக்கிறார்கள். பெயின்ட் தடிமன் பார்க்கிற மீட்டர் தெரிந்த பட்டறையில் இருந்தால் இன்னும் நல்லது. கம்பெனி பெயின்ட் எல்லாப் பூச்சும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் காட்டும், அதைவிட ரொம்பக் கூடுதலாகக் காட்டினால் மேலே அடித்திருக்கிறார்கள், பட்டி வைத்த இடமென்றால் எங்கேயோ போய்விடும்.

எல்லாம் சரி, கம்பெனி பெயின்ட்தான் என்றால் உங்களுக்கு ஒரு பெரிய சாதகம் இருக்கிறது. கம்பெனியில் அடிக்கிற பெயின்டை சுமார் 140 டிகிரி சூட்டில் அடுப்பில் வைத்து இறுக்குகிறார்கள். கையால் லைன் போட்டவர் பயன்படுத்தியது பெரும்பாலும் டப்பாவில் வருகிற எனாமல், காற்றில் தானாகக் காய்ந்தது. இரண்டுக்கும் உறுதியில் ரொம்ப வித்தியாசம். தின்னர் பட்டதும் எனாமல் சுருங்கித் தூக்கும், அடியிலிருக்கிற லேக்கர் கொஞ்ச நேரம் தாங்கும். இந்த ‘கொஞ்ச நேரம்’ என்பதற்குள் வேலையை முடிப்பதுதான் முழு சூட்சுமமும்.

வண்டியை நிழலில் நிறுத்தி, தகடு நன்றாக ஆறிய பிறகு ஆரம்பியுங்கள், காலை நேரம் சரியாக இருக்கும். சித்திரை வெயிலில் நின்ற கதவில் தின்னரைத் தொட்டால் துடைப்பதற்குள் காய்ந்து, கரைந்த சிவப்பெல்லாம் திட்டுத்திட்டாகப் பக்கத்தில் அப்பிக்கொள்ளும். முதலில் ஷாம்பூ போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். அறுவடை நேரத்தில் நம் ஊர்ச் சாலையில் ஓடிய வண்டி என்றால் இரண்டு தடவை கழுவுங்கள், நெல் தூசியும் மண்ணும் ஒட்டியிருக்கிற கதவைத் துணியால் தேய்த்தால் லைன் போவதற்கு முன் கீறல் வந்துவிடும்.

எடுத்தவுடன் தின்னர் வேண்டாம். பின்கதவில், அதிகம் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, ரப்பிங் காம்பவுண்டை (பெயின்டைத் தேய்த்து மெருகேற்றுகிற பசை) பனியன் துணியில் எடுத்து லைனின் மேல் தேய்த்துப் பாருங்கள். லைன் மெலிசாக அடித்ததென்றால் இதிலேயே கரைந்துவிடும், கை வலிக்கும், அவ்வளவுதான். அசையவில்லை என்றால் டர்பன்டைன். பல வருஷம் ஆன எனாமலை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, ஆனால் லேக்கருக்குக் கெடுதல் இல்லாததால் முயற்சி செய்து பார்ப்பதில் தப்பில்லை. அதற்கும் மசியவில்லை என்றால் அப்புறம் தின்னர்.

அதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது, இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். லைன் இல்லாத ஒரு மறைவான இடத்தில், கதவின் உள் விளிம்பில் வேண்டாம், வெளிப்பக்கமே கீழ் ஓரத்தில், வெள்ளைத் துணியில் தின்னரைத் தொட்டு ஒரு தடவை துடையுங்கள். துணி வெள்ளையாகவே இருந்து, இடமும் பளபளப்பு குறையாமல் இருந்தால் மேலே போகலாம். துணியில் நீலம் ஏறினாலோ, விரல் வைத்தால் பிசுபிசுத்தாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அது தின்னரில் கரைகிற என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட், அல்லது சரியாக இறுகாத பெயின்ட். ஒவ்வொரு கதவிலும் தனித்தனியாகப் பாருங்கள், மூன்று கதவு கம்பெனி பெயின்டாகவும் ஒரு கதவு மட்டும் பட்டறைப் பெயின்டாகவும் இருக்கிற வண்டிகள் ஏராளம்.

சோதனையில் தேறினால், துணியை நாலாக மடித்து, தின்னரில் நனைத்துப் பிழிந்து, சொட்டாத ஈரத்தில், லைன் ஓடுகிற திசையிலேயே ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் துடையுங்கள். நாலைந்து முறை இழுத்ததும் சிவப்பு மங்கி, ஓரம் சுருங்கி எழும்பும். உடனே இன்னொரு காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, லேக்கருக்கு மூச்சுவிட நேரம் கொடுத்துவிட்டு, அப்புறம் மறுபடியும் அதே இடம். நன்றாக ஊறட்டும் என்று தின்னர்த் துணியை லைனின் மேல் ஒட்டவைத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது, லேக்கரும் சேர்ந்து ஊறிவிடும். சுருங்கி எழுந்த பெயின்டைச் சுரண்ட பிளாஸ்டிக் கார்டு போதும், பிளேடு வேண்டாம். துணியின் மடிப்பை அடிக்கடி மாற்றுங்கள், ஏனென்றால் கரைந்த சிவப்பும் தங்கமும் திரும்ப நீலத்தின் மேல் ஏறிக்கொள்ளும். ஹெட்லைட், பின் லைட், பம்பர், ரப்பர் பீடிங், பிளாஸ்டிக் கைப்பிடி இவற்றின் பக்கத்தில் தின்னரைக் கொண்டுபோகவே கூடாது. லைட்டின் மேல் பட்டால் உள்ளுக்குள் முடி முடியாக வெடிப்பு விழும், அதைச் சரிசெய்ய வழியே இல்லை. பம்பர் பிளாஸ்டிக், அதன் பெயின்டைக் கதவுத் தகட்டைப் போல அவ்வளவு சூட்டில் இறுக்க முடியாது, அதனால் பம்பரில் ஓடுகிற லைனைக் காம்பவுண்டில் மட்டும் எடுங்கள், நேரம் ஆனாலும் பரவாயில்லை.

திறந்த வெளியில் செய்யுங்கள். கையுறை வேண்டும், பக்கத்தில் அடுப்போ பீடியோ இருக்கக் கூடாது, தின்னர்த் துணியை வீட்டுக்குள் போட்டு வைக்கக் கூடாது.

இவ்வளவு செய்தும் பிரஷ் கனமாக நின்ற இடங்களில், குறிப்பாக லைன் ஆரம்பிக்கிற, முடிகிற இடங்களிலும் போனட் வளைவிலும், திட்டாகக் கொஞ்சம் நிற்கும். அதற்குத்தான் வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள். நம்பர் குறையக் குறையச் சொரசொரப்பு கூடும். 2000 நம்பருக்குக் கீழே போகாதீர்கள். லைனுக்கு மேலும் கீழும் மாஸ்கிங் டேப் ஒட்டி, சின்ன ரப்பர்க் கட்டையில் பேப்பரைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் விட்டு, அழுத்தாமல் தேயுங்கள். அப்போது வழிகிற தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சிவப்பாக வழிந்தால் லைன் தேய்கிறது, நல்லது. பால் போல வெள்ளையாக வந்தால் லைன் முடிந்து லேக்கர் தேய ஆரம்பித்துவிட்டது, உடனே கையை எடுங்கள். நீலம் எட்டிப்பார்த்தால் லேக்கர் போயே போய்விட்டது, அந்தப் பேனலுக்கு இனி பெயின்ட்தான். லேக்கர் மொத்தமே 35 முதல் 50 மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. கதவில் மடிப்பு ஓடுகிறதே, அந்த முனையில் அது இன்னும் மெலிசு. அங்கே பேப்பர் படாதபடி டேப் ஒட்டிவிடுங்கள்.

கடைசியாக 3000 பேப்பர், காம்பவுண்ட், பாலிஷ், மெழுகு. இரண்டு பக்கமும் போனட்டும் சேர்த்து ஒரே நாளில் முடிக்க ஆசைப்படாதீர்கள், ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். பட்டறையில் கொடுப்பதாக இருந்தாலும் இதே சோதனையைக் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். செய்ய மாட்டேன் என்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

பிரேக் ஆயில் தடவினால் கழன்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள். கழலும், லைனோடு சேர்ந்து கதவுப் பெயின்டும் கழலும். பெயின்ட் ரிமூவரும் அப்படித்தான், தகடு வரை உரித்துவிடும்.

கேள்வி: சார், என் வண்டியில் இருப்பது ஸ்டிக்கர் லைன். வெயிலில் காய்ந்து வெடித்துப்போய், உரித்தால் நகக்கண் அளவுக்குத் துண்டு துண்டாக வருகிறது. உரித்த இடத்தில் பசை அப்படியே கறுப்பாக நிற்கிறது. (வாசகி, கும்பகோணம்)

பதில்: ஸ்டிக்கர் என்றால் பாதிக் கவலை இல்லை. சூடு காட்ட வேண்டும், அவ்வளவுதான். தலைமுடி காயவைக்கிற டிரையர் போதும், தொட்டால் கை பொறுக்கிற சூடு வந்ததும் ஒரு முனையைத் தூக்கி, வெளிப்பக்கமாக இழுக்காமல், ஸ்டிக்கர் தன் மேலேயே மடிந்து வருகிற மாதிரி மெதுவாக இழுங்கள். இழுக்க இழுக்க டிரையர் அதற்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். துண்டு துண்டாகத்தான் வரும் என்கிற அளவுக்குக் காய்ந்திருந்தால் பிளாஸ்டிக் கார்டை அடியில் செருகித் தள்ளுங்கள். பசைக்கு மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்தால் உருண்டு வந்துவிடும், பிறகு ஷாம்பூ போட்டுக் கழுவ மறக்காதீர்கள், எண்ணெய்ப் பசை இருந்தால் தூசி வந்து அப்பும். டிரில்லில் மாட்டுகிற ரப்பர் வீல் ஒன்று பட்டறைகளில் வைத்திருப்பார்கள், வேகமாக வேலை முடியும், ஆனால் ஒரே இடத்தில் நிறுத்தினால் சூட்டில் பெயின்ட் தீய்ந்துவிடும், பழகிய கை வேண்டும்.

கேள்வி: ஐயா, 2003 மாருதி 800, சிவப்பு. வெள்ளை லைனைக் கஷ்டப்பட்டு எடுத்துவிட்டேன். ஆனால் லைன் இருந்த இடம் மட்டும் அழுத்தமான சிவப்பாக, புது வண்டி போல இருக்கிறது, சுற்றிலும் வெளிறி இருக்கிறது. தூரத்தில் பார்த்தால் இப்போது சிவப்பு லைன் அடித்த மாதிரி இருக்கிறது. பாலிஷ் போட்டால் துணியெல்லாம் சிவப்பாகிறது, பயந்து நிறுத்திவிட்டேன். (வாசகர், பட்டுக்கோட்டை)

பதில்: பயப்பட வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே நல்ல சேதி இருக்கிறது. துணி சிவப்பாகிறது என்றால் அந்த வண்டிக்கு மேலே தனியாக லேக்கர் கிடையாது, நிறமே மேல் பூச்சு. அதனால் தேய்க்கும்போது நிறம் வரத்தான் செய்யும். இத்தனை வருஷமாக வெயில் தின்ற மேல் தோல் சுண்ணாம்பு போலப் பொடிந்து வெளிறி நிற்கிறது. லைனுக்கு அடியில் மட்டும் வெயில் படாததால் பழைய சிவப்பு அப்படியே இருக்கிறது. ஆகவே நீங்கள் தேய்க்க வேண்டியது லைன் இருந்த இடத்தை அல்ல, சுற்றியிருக்கிற இடத்தை. கதவு முழுக்கக் காம்பவுண்ட் போட்டு அந்த வெளிறிய தோலை எடுத்துவிட்டால் அடியிலிருந்து நல்ல சிவப்பு வரும், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். மடிப்பு முனைகளில் மட்டும் கை லேசாகப் போகட்டும், அடியிலிருக்கிற பிரைமர் தெரிய ஆரம்பித்தால் திரும்ப வழியில்லை. மீதி இருக்கிற வித்தியாசத்தைச் சில மாத வெயில் பார்த்துக்கொள்ளும்.

லேக்கர் அடித்த வண்டிக்கு இந்த யோசனை பாதிதான் பலிக்கும், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். லேக்கரின் மேல் இருக்கிற மங்கல் பாலிஷில் போகும். லேக்கருக்கு அடியில் நிறமே வெளுத்திருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் தடம் நிற்கும். நீல, சிவப்பு வண்டிகளில் இது அதிகம் தெரியும், வெள்ளியில் அவ்வளவாகத் தெரியாது. தடம் உறுத்தினால் ஒன்று பேனலுக்குப் பெயின்ட், இல்லையென்றால் வண்டி நிறத்துக்கு ஒத்துப்போகிற அடக்கமான ஸ்டிக்கர் லைனை அதே இடத்தில் ஒட்டி மறைப்பது. பின்னதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

கேள்வி: ஐயா அவர்களுக்கு வணக்கம். அப்பா வைத்திருந்த அம்பாசிடர், கறுப்பு. அவர் காலத்தில் கடைத்தெருவில் போர்டு எழுதுகிற ஒருவரை வீட்டுக்கு வரவழைத்து, நான்கு கதவிலும் கிரீம் நிறத்தில் இரட்டை லைன் போட வைத்தார். இப்போது அங்கங்கே உதிர்ந்திருக்கிறது. வண்டியைப் புதுப்பித்து வைத்துக்கொள்ள நினைக்கிறோம். தம்பி லைனை எடுத்துவிடலாம் என்கிறான். எப்படி எடுப்பது? (வாசகர், மயிலாடுதுறை)

பதில்: எடுக்காதீர்கள். இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வேறு சொல்கிறேன், மன்னிக்க வேண்டும்.

அந்த லைனைக் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். முன் கதவில் தொடங்கிப் பின் கதவில் முடிகிற வரை இரண்டு கோட்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி மாறியிருக்காது. டேப் ஒட்டி அடித்ததாக இருந்தால் ஓரம் வெட்டினது போல நேராக இருக்கும். கையால் அடித்ததென்றால் ஓரத்தில் மயிரிழை அளவுக்கு ஓர் அசைவு இருக்கும், கோடு முடிகிற இடத்தில் பிரஷ் எழும்பி மெலிந்து ஊசி முனையாகப் போயிருக்கும். லைன் பிரஷ்ஷின் மயிர் நீளமானது, ஒரு தடவை தோய்த்தால் கதவின் பாதிக்கு மேல் ஓடும். சுண்டுவிரலைத் தகட்டில் தாங்கலாக வைத்துக்கொண்டு, பிரஷ்ஷை ஒரே அழுத்தத்தில் பிடித்து, உடம்பு மொத்தமும் பக்கவாட்டில் நகர வேண்டும், மணிக்கட்டு ஆடக் கூடாது. அழுத்தம் இம்மி கூடினால் கோடு தடிக்கும். கடைப் பலகையும் பஸ் கண்ணாடியும் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு அது கைவந்த வேலை. ஃப்ளெக்ஸ் பேனரும் ஸ்டிக்கர் வெட்டுகிற மெஷினும் வந்த பிறகு அந்த வேலை குறைந்து, பழைய கைகள் பலதும் வேறு தொழிலுக்குப் போய்விட்டன. அம்பாசிடர் உற்பத்தியே 2014-இல் நின்றுவிட்டது. வண்டியும் இனி வராது, அந்த லைனை அதே மாதிரி போடுகிற கையும் லேசில் கிடைக்காது.

இன்னொன்று, அந்தக் காலத்துக் கறுப்பு என்.சி. பெயின்டாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, பழைய ஆட்கள் டூக்கோ என்பார்கள். அதன் மேல் தின்னர் பட்டால் லைனுக்கு முன்னால் கறுப்புதான் கரையும். அதனால் எடுப்பதென்றாலும் வாட்டர் பேப்பரும் காம்பவுண்டும் மட்டும்தான் வழி, அதில் கதவின் பழைய பளபளப்பும் போகும்.

லைனின் மேல் காம்பவுண்ட் படாமல் டேப் ஒட்டிவிட்டு மற்ற இடத்துக்குக் கையால் பாலிஷ் போடுங்கள். உதிர்ந்த இடத்தை மட்டும் கிரீம் எனாமலில் நிரப்ப, கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் கோயில் வாகனங்களுக்கும் தேருக்கும் வண்ணம் தீட்டுகிறவர்களை விசாரித்துப் பாருங்கள், கார் பட்டறைக்காரரைவிட அவர்களுக்கு அந்தக் கை இருக்கும். தம்பியிடம் இதைப் படிக்கக் கொடுங்கள், அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் அவர் விருப்பம்.

கேள்வி: நகம் வைத்துப் பார்த்துவிட்டேன், வழவழவென்று இருக்கிறது. வெள்ளி நிற வண்டி, கறுப்பு லைன். தேய்த்து எடுத்துத் தருகிறேன் என்கிறார் பெயின்டர். செய்யலாமா? கடற்கரை ஊர், உப்புக் காற்று வேறு. (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: லைன் லேக்கருக்கு அடியில் இருக்கிறது. அதை அடைய வேண்டுமென்றால் லேக்கரைத் தேய்த்துத் தீர்க்க வேண்டும், அதைத் தீர்த்தால் வெள்ளியும் வெளியே வந்துவிடும். ஆகவே தேய்த்து எடுப்பது என்ற பேச்சே கிடையாது, பேனலுக்குப் பெயின்ட் அடிப்பதுதான். வெள்ளி நிறம் பெயின்டர்களுக்கே சோதனை, அதிலிருக்கிற மினுமினுப்பு படுகிற கோணம் மாறினால் கதவு தனியாகத் தெரியும். இன்ஜின் அறையிலோ கதவுத் தூணிலோ இருக்கிற தகட்டில் கலரின் குறியீட்டு எண் இருக்கும், அதைக் கொடுத்துக் கலக்கச் சொல்லுங்கள். கலரைப் பக்கத்துப் பேனல் வரை கொஞ்சம் இழுத்துக் கரைத்துவிட்டு, லேக்கரை இரண்டு பேனலுக்கும் முழுசாக அடிக்க வேண்டும். மூடிய பெயின்ட் அறையில் (பூத்) சூடு கொடுத்துக் காயவைக்கிற இடமாகப் பாருங்கள். வெட்டவெளியில் அடிக்கிறவர் என்றால் ஐப்பசி, கார்த்திகையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள், காற்றில் இருக்கிற ஈரம் பெயின்டின் மேல் உட்கார்ந்து பூஞ்சை பிடித்தது போல வெளுத்துவிடும். தை பிறந்த பிறகு கொடுங்கள். அடிப்பதற்கு முன் கடைசியாகச் சுத்தமான தண்ணீரில் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள், உப்பு இருக்கிற தகட்டின் மேல் அடித்தால் பின்னால் கொப்புளம் கிளம்பும்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். கம்பெனி பெயின்ட் நல்ல நிலையில் இருந்தால் ஒரு கறுப்புக் கோட்டுக்காக நாலு கதவையும் பட்டறைப் பெயின்டாக மாற்றத்தான் வேண்டுமா? உப்புக் காற்றுக்குக் கம்பெனி பெயின்ட் தாங்குகிற மாதிரி வேறெதுவும் தாங்காது. நான் என்றால் விட்டுவிடுவேன்.

கேள்வி: அண்ணே, டாக்சியா ஓடுன வெள்ளை இண்டிகா வாங்கியிருக்கேன். கதவுல டிராவல்ஸ் பேரும் ரெண்டு லைனும் இருக்கு. அதை எடுத்தா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சொல்லணுமா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: வேண்டாம் தம்பி. ஆர்.சி.யில் வண்டியின் நிறம்தான் பதிவாகும். வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறவரை லைன் இருப்பதும் போவதும் உன் விருப்பம். முழு வண்டிக்கும் வேறு நிறம் அடித்தால் மட்டும் ஆர்.சி.யில் மாற்றிப் பதிய வேண்டும். நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். வாடகை வண்டியாகப் பதிவானதை முன்னவர் முறைப்படி பெர்மிட்டை ஒப்படைத்துச் சொந்த வண்டியாக மாற்றினாரா என்று ஆர்.சி.யில் பார்த்துக்கொள். மஞ்சள் போர்டைக் கழற்றி வெள்ளை போர்டு மாட்டினால் மட்டும் ஆகாது. பேர் ஸ்டிக்கராக இருந்தால் கும்பகோணம் அக்காவுக்குச் சொன்னதைப் பார், எழுதியதென்றால் திருவாரூர்க்காரருக்குச் சொன்னது.

கேள்வி: பைக் டேங்கில் இருக்கிற லைனையும் இப்படியே எடுக்கலாமா? (வாசகர், வேதாரண்யம்)

பதில்: நகம் வைத்துப் பாருங்கள். பல பைக் டேங்குகளில் ஸ்டிக்கரை ஒட்டி மேலே லேக்கர் அடித்துத்தான் கம்பெனியிலிருந்தே அனுப்புகிறார்கள். அப்படியிருந்தால் தொடாதீர்கள், டேங்க்கைக் கழற்றி மொத்தமாகப் பெயின்ட் அடித்தால்தான் உண்டு. லைன் மேலே இருந்தால் டிரையர் சூட்டில் வந்துவிடும். ஆனால் அதற்கு முன் டேங்கைக் கழற்றி, பெட்ரோலை வடித்துவிட்டுத் தள்ளிக் கொண்டுபோய்த் திறந்த வெளியில் வைத்துச் செய்யுங்கள், மூடி இறுக்கமாக இருக்கட்டும்.